நட்சத்திர கார்டு இரண்டாகப் பிரிந்து போகிறது, என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 1, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆலயத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வைத்து இந்த வருஷம் கையாலேயே கிறிஸ்மஸ் கார்டு செய்யலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மொத்தம் 60 வேண்டும். 42 கார்டு பக்கத்து முதியோர் இல்லத்துக்கு, நேரில் கொடுப்பது. 18 கார்டு எங்களிடம் படித்துவிட்டு இப்போது சென்னை, பெங்களூரு என்று போய்விட்ட பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்ப.

வழக்கமான நீள்சதுரம் வேண்டாம், நட்சத்திரம், தென்னை மரம், மணி என்று வடிவமாக வெட்டுவோம் என்று முடிவானது. நேற்று முதல் வகுப்பு. சார்ட் பேப்பரை இரண்டாக மடித்து, மேலே ஐந்து முனை நட்சத்திரம் வரைந்து, பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். 20 பேரும் அழகாகத்தான் வெட்டினார்கள். சுற்றிலும். முழுக்க. திறந்து பார்த்தால் கையில் தனித்தனியாக இரண்டு நட்சத்திரம்! சுதாரித்த ஆறு பேர் மட்டும் ஒரு முனையை மடிப்பில் விட்டுவைத்தார்கள், அதுவும் இரண்டு தரம் திறந்து மூடியதும் நுனியில் கிழிந்துவிட்டது. தென்னை மரம் அதைவிட மோசம், தண்டு விரல் அகலம்தான், மடிப்பில் ஓலை நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மடிப்பும் வேண்டும், வடிவமும் வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையில் இருப்பது கத்தரிக்கோல், காம்பஸ், ஸ்கேல், ஒரே ஒரு பேப்பர் கத்தி (அது என்னிடம்தான் இருக்கும், பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன்).

---

கொல்லங்கோட்டுக்காரன் | டிசம்பர் 1, இரவு 10:05

டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் ஒரு நொடியில் வேலை முடிந்தது. 60 கார்டுக்கு இவ்வளவு பாடா?

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 1, இரவு 10:12

இல்லத்தில் இருக்கிற 42 பேரில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர் இரண்டு பேர், தம்பி. அந்த இரண்டு பேருக்கும் வேண்டுமானால் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

---

பாறசாலை பைண்டர் | டிசம்பர் 2, காலை 6:30

டீச்சர், 31 வருஷமாகப் பைண்டிங் வேலை. முதலில் களியக்காவிளையில், அப்புறம் கேரள எல்லை தாண்டி பாறசாலையில் கடை. கல்யாணக் கார்டு மடித்தே கை தேய்ந்தவன். நான் சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் வடிவத்தை முதலில் வரைந்துவிட்டு மடிப்பை எங்கே வைக்கலாம் என்று தேடுகிறீர்கள். மடிப்பை முதலில் வையுங்கள். அந்தக் கோட்டின் மேல் வடிவம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் உட்காருகிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் என்றால் குறைந்தது நாலு சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு இடத்தில் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை. அதற்குக் கீழே போனால் உங்கள் தென்னை மரக் கதைதான்.

அடுத்தது பேப்பர். சார்ட் பேப்பர் மெல்லிசு, நிற்காது. கடையில் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்கிற கணக்கு) ஐவரி அட்டை என்று கேட்டு ஏ4 அளவில் வாங்குங்கள். ஆனால் அதை அப்படியே கையால் மடித்தால் மடிப்பு வெடித்து நார் நாராகத் தெரியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இரண்டு இழுப்பு இழுத்து, பள்ளம் விழுந்ததும் மடியுங்கள். மடித்த பிறகு கரண்டிக் காம்பால் ஒரு தேய்ப்பு.

பள்ளம் கார்டின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பின்னால் எழும்புகிற மேடு உள்பக்கம் போக வேண்டும். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

---

குமுளி ஏலக்காய் | டிசம்பர் 2, காலை 8:15

அண்ணே, நான் எப்போதும் பள்ளத்துக்குள்தான் மடிக்கிறேன். புத்தகத்தில் கோடு போட்ட பக்கமாக மடிக்கிற மாதிரி. நல்லாத்தானே வருகிறது?

---

பாறசாலை பைண்டர் | டிசம்பர் 2, காலை 8:40

மெல்லிசுப் பேப்பரில் எப்படி மடித்தாலும் வரும் தங்கச்சி. 250க்கு மேலே போய்ப் பாருங்கள். பள்ளத்துக்குள் மடித்தால் மேடு வெளியே தள்ளி, அந்த முதுகு இழுபட்டு வெடிக்கும். மேடு உள்ளே போனால் அதுவே கீல் மாதிரி வேலை செய்யும். அச்சகத்தில் மெஷின் போடுகிற மடிப்புக் கோடும் இதே கணக்குதான்.

இன்னொன்று, கிரெய்ன். காகிதத்தில் நார் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் வழவழவென்று மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். தாளை உடைக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் மடிப்பு.

---

செங்கோட்டை கணக்கு வாத்தியார் | டிசம்பர் 2, மதியம் 1:20

பைண்டர் அண்ணன் சொன்ன 'இரண்டு இடத்தில் ஒன்றரை' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்துக்கு வழி அதில் இருக்கிறது.

ஐந்து முனை நட்சத்திரத்தை நேராக நிறுத்தினால் மேலே ஒரு முனை, நடுவில் இரண்டு கை, கீழே இரண்டு கால். இடது ஓரத்தில் மடிப்பு வைத்தால் ஒரு கை நுனி மட்டும் தொடும். மேலே வைத்தாலும் ஒரு நுனிதான். கீழே மட்டும் இரண்டு கால் நுனிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அங்கே மடிப்பு வையுங்கள். நுனியிலேயே வைக்காமல், கோட்டை ஒன்றரை சென்டிமீட்டர் மேலே தள்ளிப் போடுங்கள். எவ்வளவு மேலே தள்ளுகிறீர்களோ கிட்டத்தட்ட அதே அளவு அகலம் ஒவ்வொரு காலிலும் மடிப்பாகக் கிடைக்கும். ஒன்றரை தள்ளினால் 1.58. கார்டு மேலிருந்து கீழாகத் திறக்கும், மீன் சந்தையில் பெட்டி மூடியைத் திறக்கிற மாதிரி.

ஆறு முனை நட்சத்திரம் என்றால் இன்னும் வசதி. இடது ஓரத்திலேயே இரண்டு முனை ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் ஒவ்வொன்றிலும் 1.7 சென்டிமீட்டர் மடிப்பு. வரைவதும் சுலபம். வட்டம் போட்டு, காம்பஸை மாற்றாமல் அதே அளவால் சுற்றி ஆறு தரம் வெட்டு வைத்தால் ஆறு புள்ளி. ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு முக்கோணம், அதுதான் நட்சத்திரம். ஐந்து முனைக்கு 72 பாகை அளந்து அளந்து வைக்க வேண்டும், பிள்ளைகளிடம் அது நடக்காது.

---

கொல்லங்கோட்டுக்காரன் | டிசம்பர் 2, மதியம் 1:45

ஆறு முனை நட்சத்திரம் தாவீதின் நட்சத்திரம் இல்லையா? கிறிஸ்மஸ் கார்டில் போடலாமா?

---

செங்கோட்டை கணக்கு வாத்தியார் | டிசம்பர் 2, மதியம் 2:02

லூக்கா 2ஆம் அதிகாரத்தில் பெத்லகேமுக்குத் 'தாவீதின் ஊர்' என்றுதான் போட்டிருக்கிறது. ஊர்க்காரருடைய நட்சத்திரம் ஊரில் தெரிந்தால் என்ன?

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 2, இரவு 9:15

வாத்தியார் சொன்னபடி ஒரு ஆறு முனை செய்து பார்த்தேன். திறக்கிறது, மூடுகிறது, கிழியவில்லை! ஆனால் ஒன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த உள்மூலைகளை வெட்ட வரவில்லை. கத்தரிக்கோலை மூலையில் திருப்புகிறார்கள், பேப்பர் கசங்கிவிடுகிறது. ஒரு கார்டுக்கு நான்கு உள்மூலை தப்பினால் அது நட்சத்திரம் இல்லை, கசங்கிய தாமரை.

அப்புறம் மேசையில் நிற்கவும் மாட்டேன் என்கிறது. இல்லத்தில் கட்டில் பக்கத்தில் சின்ன ஸ்டூல் இருக்கும், அதில் நிறுத்தி வைக்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்கும்.

---

குமுளி ஏலக்காய் | டிசம்பர் 2, இரவு 9:50

அக்கா, மூலைக்குக் கத்தரிக்கோலைத் திருப்பக் கூடாது. வெளியிலிருந்து மூலை வரைக்கும் ஒரு வெட்டு, கோலை வெளியே எடுத்துவிட வேண்டும். மறுபக்கத்திலிருந்து மூலைக்கு இன்னொரு வெட்டு. துண்டு தானாக விழும். வளைவாக வெட்டும்போது கோல் வைத்த கை அசையாமல் பேப்பர் வைத்த கை மட்டும் திரும்ப வேண்டும். பிள்ளைகளிடம் 'பேப்பர்தான் ஆடும், கத்தரி ஆடாது' என்று சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்கள்.

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 3, காலை 7:05

ராத்திரி முழுக்க இதே யோசனை. காலையில் தேன் பாட்டிலைப் பார்த்தபோது பளிச்சென்று வந்தது. எங்கள் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது தேன்தானே! தேன்கூட்டு அறை மாதிரி அறுகோணமாக வெட்டினால் என்ன? உள்மூலையே கிடையாது. ஒரு முழுப் பக்கம் மடிப்பாகக் கிடைக்கும். கிறிஸ்மஸுக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

---

செங்கோட்டை கணக்கு வாத்தியார் | டிசம்பர் 3, காலை 7:40

டீச்சர், இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

காம்பஸில் 5.5 சென்டிமீட்டர் எடுங்கள். வட்டம், ஆறு வெட்டு, புள்ளிகளை வரிசையாகச் சேருங்கள். பக்கம் 5.5, மூலைக்கு மூலை 11, எதிரெதிர் பக்கங்களுக்கு நடுவே 9.5. ஒரு பக்கம் ஒட்டி இரண்டு அறுகோணம் போட்டால் நீளம் 19 சொச்சம், அகலம் 11. ஏ4 தாள் 21க்கு 29.7. குறுக்குப் பக்கமான 21இல் 19 அடங்கும், 29.7இல் 11 இரண்டு தரம் அடங்கும். ஆக ஒரு தாளில் இரண்டு கார்டு, 60 கார்டுக்கு 30 தாள். வாங்கும்போது 35 வாங்குங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிப் போட்டால் மடிப்புக் கோடு தாளின் நீளப் பக்கத்துக்கு இணையாக வரும். அநேக ஏ4 தாளில் கிரெய்ன் நீளவாக்கில்தான் ஓடும். பைண்டர் அண்ணனுக்கும் திருப்தி.

---

பாறசாலை பைண்டர் | டிசம்பர் 3, காலை 8:10

திருப்திதான். மடிப்பை மேலே வைத்துக்கொண்டால் கீழே தட்டையான பக்கம் வரும், கூடாரம் மாதிரி நிற்கும். ஸ்டூல் பிரச்சினையும் முடிந்தது. ஒரு அட்டை அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் சட்டைக்குள் வைத்துத் தருவார்களே, அந்த அட்டை இதற்குப் போதும். முதலில் நீங்கள் 60 கார்டையும் வரைந்து பள்ளம் போட்டுவிட்டு, அப்புறம் வெட்டுவதற்குப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெட்டிய பிறகு பள்ளம் போட்டால் கோணும்.

---

குழித்துறை தபால் தாத்தா | டிசம்பர் 3, மாலை 4:30

தபாலில் போகிற 18 பற்றி யாரும் பேசவில்லையே. ஓய்வு பெற்ற தபால்காரன் நான், சொல்லிவிடுகிறேன்.

வடிவ கார்டை வடிவ கவரில் போடாதே பிள்ளே. நட்சத்திர மூலை தபால் பையில் மாட்டி மடங்கும். எந்த வடிவமாக இருந்தாலும் சாதாரண நீள்சதுரக் கவர். கடையில் சி6 என்று கேட்டால் 11.4க்கு 16.2 சென்டிமீட்டரில் தருவான், உன் அறுகோணம் அதில் அலுங்காமல் படுக்கும். உள்ளே ஆடாமல் இருக்க ஒரு வெள்ளைத் தாளில் மடித்து வை.

எடை பார்க்க வேண்டும். 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்ப். இந்த அறுகோணம் 250 ஜிஎஸ்எம்மில் சுமார் 4 கிராம், கவர் இன்னொரு 3, 4 கிராம். கவலையே இல்லை. முழு ஏ4 தாளை 300 ஜிஎஸ்எம்மில் இரண்டாக மடித்து அனுப்பினாய் என்றால் கார்டு மட்டும் 18.7 கிராம், கவரோடு 20ஐத் தாண்டிவிடும். அப்புறம் வாங்குகிறவன் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும். அதே போல சிப்பி, பட்டன், மணி என்று எழும்பி நிற்கிற எதையும் தபால் கார்டில் ஒட்டாதே. முத்திரை அடிக்கும்போது எல்லாம் பொடிப்பொடியாகிவிடும். அவற்றை நேரில் கொடுக்கிற 42இல் ஒட்டு.

---

கொல்லங்கோட்டுக்காரன் | டிசம்பர் 3, மாலை 5:00

தாத்தா, இந்தக் கார்டு அனுப்புகிற வழக்கமே தபால் இலாகா கிளப்பிவிட்டதுதானே? உண்மையைச் சொல்லுங்கள்.

---

குழித்துறை தபால் தாத்தா | டிசம்பர் 3, மாலை 5:45

பாதி உண்மைதான் போ. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்று ஆரம்பித்தார்கள். அந்த வேலையில் சேர்ந்து உழைத்தவர் ஹென்றி கோல். மூன்று வருஷம் கழித்து, 1843இல், வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அவருக்கே நேரம் இல்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்மஸ் கார்டு அதுதான், விலை ஒரு ஷில்லிங். சாதாரண ஆளுக்கு அது பெரிய காசு.

படத்தில் என்ன தெரியுமா? குடும்பமாக உட்கார்ந்து ஒயின் கிளாஸைத் தூக்குகிறார்கள், குழந்தை வாயிலும் ஒரு மடக்கு. மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நம்ம ஊர் போதகர் கண்ணில் பட்டிருந்தால் ஹென்றி கோலுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இடம் கிடைத்திருக்கும். வடிவமாக வெட்டின கார்டும் புதுசு இல்லை. விக்டோரியா ராணி காலத்திலேயே மணி, பறவை என்று அச்சு வைத்து வெட்டி விற்றிருக்கிறார்கள்.

---

நகரி நெசவு | டிசம்பர் 4, காலை 10:20

ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. எங்கள் வீட்டில் தறி, அதனால் நூலுக்குப் பஞ்சம் இல்லை. மடிக்க முடியாத வடிவத்துக்கு நாங்கள் செய்வது: ஒரே அச்சில் இரண்டு துண்டு வெட்டி, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு நூலால் கட்டிவிடுவோம். மடிப்பே வேண்டாம். பிரிந்து போன உங்கள் 14 நட்சத்திரங்களைத் தூக்கிப் போடவில்லையே? நூல் கோத்தால் அவை கார்டுதான். முடிச்சை மட்டும் தளர்வாகப் போடுங்கள், இறுக்கினால் திறக்காது.

---

நாகர்கோவில் லேஸ் | டிசம்பர் 4, மதியம் 12:10

நூல் என்றதும் நானும் வந்துவிட்டேன். 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து எங்கள் பக்கத்தில் அந்தக் கைவேலை உண்டு. என் பாட்டி மிச்ச லேஸ் துண்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அதில் இரண்டு விரல் நீளம் வெட்டி கார்டின் கீழ் ஓரத்தில் ஒட்டினால் போதும், ஜிகினா எதுவும் தேவையில்லை.

ஜிகினா வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. வயதானவர்கள் கார்டைத் தடவிப் பார்ப்பார்கள், அதே கையால் கண்ணைத் துடைப்பார்கள்.

---

பாறசாலை பைண்டர் | டிசம்பர் 4, இரவு 8:30

லேஸ் ஒட்டும்போது வெள்ளைப் பசையை நேராக ஊற்றாதீர்கள். தண்ணீர்ப் பசை, காகிதம் நெளியும். இப்போது மழை வேறு, காற்றிலேயே ஈரம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, ஒட்டியதும் இரண்டு பழைய நோட்டுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவியோ தடிப் புத்தகமோ ஒரு ராத்திரி பாரம் வையுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு யோசனை வந்தது. அச்சப்பம் வடிவத்தில் ஒரு கார்டு செய்தால் என்ன?

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 4, இரவு 9:00

அச்சுமுறுக்கா! பாறசாலைக்குப் போனதும் அண்ணனுக்கு அச்சப்பம் ஆகிவிட்டது. செய்கிறேன். 12 சென்டிமீட்டர் வட்டத்தை மூன்று தரம் மடித்தால் எட்டுப் பங்கு. ஓரத்தை இதழ் மாதிரி வளைத்து வெட்டி, மடிப்பு ஓரங்களில் சின்னச் சின்ன ஓட்டை எடுத்து விரித்தால் அச்சு அசல். அதற்குக் கட்டித் தாள் ஆகாது, மூன்று மடிப்பில் கத்தரி போகாது. பழுப்பு நிற மெல்லிசுத் தாளில் வெட்டி, அறுகோணத்தின் முகப்பில் நடுவில் மட்டும் பசை வைத்து ஒட்டப் போகிறேன். இதழ் நுனிகள் தூக்கி நிற்கட்டும்.

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 21, இரவு 8:10

முடிந்தது. கணக்கு: அறுகோணம் 46. நகரித் தம்பி சொன்னபடி நூல் கோத்த நட்சத்திரம் 14, மெல்லிசுப் பேப்பர் நிற்காததால் அவற்றுக்கு ஜன்னலில் தொங்கவிட ஒரு வளையம் வைத்தோம். 35 தாளில் 23 அறுகோணத்துக்குப் போனது, 9 தாளைப் பிள்ளைகள் மடிப்புப் பக்கத்தையே வெட்டித் தீர்த்தார்கள். மூன்று தாள் மிச்சம். ஒரு பையன் மூன்று தரமும் மடிப்பையே வெட்டினான். நான்காவது தரம் மடிப்பு ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'இங்கே வெட்டாதே' என்று அவனே எழுதிக்கொண்டான். கார்டில் அது அப்படியே இருக்கிறது, அழிக்கவில்லை.

தபால் 18உம் 12ஆம் தேதியே போட்டாகிவிட்டது, இரண்டு வீட்டிலிருந்து வந்து சேர்ந்ததாகப் போன் வந்தது. இன்று மாலை கீத பவனியோடு இல்லத்துக்குப் போனோம். பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம், மலையாளம் வாசிக்கிற ஒன்பது பேருக்கு மலையாளத்தில். அச்சுமுறுக்கு ஒட்டிய கார்டைக் கையில் வாங்கிய ஒரு பாட்டி, புரட்டிப் பார்த்துவிட்டு, 'எண்ணெய் சரியா காயல, ஒரு பக்கம் வெளுத்திருக்கு' என்றார். அந்தத் தாள் எங்கள் வீட்டில் வெயில் பட்டு வெளுத்தது உண்மைதான்.

---

கொல்லங்கோட்டுக்காரன் | டிசம்பர் 21, இரவு 8:30

அக்கா, மிச்சம் இருக்கிற மூன்று தாளை எனக்குக் கொடுங்கள். அம்மாவுக்கு ஒன்று செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

---

பாறசாலை பைண்டர் | டிசம்பர் 21, இரவு 8:45

எல்லாம் சரி டீச்சர். பள்ளம் எந்தப் பக்கம் போட்டீர்கள்?

---

மார்த்தாண்டம் டீச்சர் | டிசம்பர் 21, இரவு 8:47

வெளிப்பக்கம்தான் அண்ணே. 46லும்.

---

குமுளி ஏலக்காய் | டிசம்பர் 21, இரவு 9:20

நான் இன்னும் உள்பக்கம்தான்.